செல்வியக்காவின் சிவப்பு அம்பு

செய்தி வந்தபோது நான் பேண்ட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். இதை மறைத்துவிட்டு, "அந்தத் துயரச் செய்தி என்னை வந்தடைந்தபோது" என்று கௌரவமாக ஆரம்பித்திருக்கலாம். ஆனால் செல்வியக்காவைப் பற்றி எழுதும்போது முதல் வரியிலேயே பூசி மெழுகினால், எங்கிருந்தாவது ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பறந்து வந்து என் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

இடம், அம்பத்தூரில் ஒரு துணிக்கடையின் உடை மாற்றும் அறை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வரும் ஞாயிறு ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். என் பழைய மலைப் பேண்ட்டுக்கும் இடுப்புக்கும் கொஞ்ச நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேண்ட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒன்று அக்காவின் சட்டப்படி, முட்டியில் தாராளமாக மடங்குவது. இன்னொன்று அவர் தடை செய்த ரகம், தொப்பையை அமுக்கிக் காட்டுவது. முதலில் எதைப் போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அது முட்டி வரை வந்து, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டது. அப்போதுதான் போன்.

அக்காவின் மகள் தீபா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க."

"எந்த மலைக்கு?" என்று கேட்டேன்.

ஒன்பது வருடப் பழக்கம், வேறு எப்படிக் கேட்பது. அந்தப் பக்கம் தீபா விசும்பினாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. முட்டியில் சிக்கிய பேண்ட்டோடு அந்தக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வெளியே இருந்து விற்பனைப் பெண், "சார், சைஸ் சரியா இருக்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, எதுவுமே சரியில்லை" என்றேன்.

அக்காவைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்வி, வயது ஐம்பத்தாறு. பிறந்தது பாரிவாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலங்களில் இப்போது நம்மைப் போன்றவர்கள் நாலாவது மாடியில் நின்று காற்று வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருக்கிறோம். அக்கா பத்தொன்பது வயதில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் நூல் வெட்டச் சேர்ந்து, கடைசிச் சோதனைப் பிரிவின் சூப்பர்வைசராக வெளியே வந்தவர். அங்கே அவர் வேலை குறை கண்டுபிடிப்பது. தையல் பிரிந்திருந்தால், பொத்தான் கோணலாக இருந்தால், அந்த இடத்தைக் காட்டி நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் ஒட்டிய கை, வேலையை விட்ட பிறகும் நிற்கவில்லை. திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்புக்குக் குடிவந்தபோது கைப்பையில் ஸ்டிக்கர் அட்டையும் கூடவே வந்தது.

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தார். "சமமான தரையில நடந்தா தூக்கம் வருது நைனா" என்று ஒருநாள் மலைக்குக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே நாலு பேர் போனோம். இப்போது முப்பது பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு, வேன் வைத்து, வனத்துறை அனுமதி வாங்கி, ஒழுங்காகப் போய் வருகிறோம்.

இனி, லிஃப்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சுக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் புதன்கிழமை காலையிலேயே, பிணம் வீட்டில் இருக்கும்போதே, தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "அந்த வயசுல மலை மலையா ஏறினா இப்படித்தான் ஆகும் சார். உடம்பு தாங்குமா?" கேட்ட நாலு பேரும் தலையை ஆட்டினார்கள்.

ஐயா, அக்கா மலையில் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு, சொந்த வீட்டு சோபாவில் சாய்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தபோது போனார். ஒன்பது வருடம் மலை அவரை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் அக்கறை உண்மையென்றால் முதலில் சோபாவைத் தடை செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பேர் உட்காரக்கூடிய ஆபத்து ஒன்று ஹாலில் கிடக்கிறது.

என் முதல் சோதனையை நம் குழுவில் பலரும் பலமுறை கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியாமல்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள், அதுவும் தெரியும். அக்காவின் வழக்கம் அது: புதிதாக யார் வந்தாலும், கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம், மலைக்குப் போடப்போகும் அத்தனையையும் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு வர வேண்டும். நான் புது ஜீன்ஸும், மார்பில் சிங்கம் போட்ட பனியனுமாகப் போய் நின்றேன்.

"இன்னா நைனா, மலைக்குப் போறியா, மாமியார் ஊட்டுக்குப் போறியா?"

"ஜீன்ஸ் நல்லா உழைக்கும்க்கா."

"அது உழைக்கும். நீ நடக்கணுமே. குந்து."

"எதுக்கு?"

"குந்துன்றேன்ல."

குந்தினேன். மொட்டை மாடி முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். தண்ணீர்த் தொட்டி மேலிருந்த காக்கை எழுந்து பறந்தது. அக்கா நிதானமாகப் பின்னால் வந்து, கிழிந்த இடத்துக்கு நேராக ஒரு சிவப்பு அம்பை ஒட்டினார்.

"மலையில கிழியறத மாடியிலயே கிழிச்சிடணும். இங்க லிஃப்டு கீது."

குந்து, முட்டியை இடுப்பு வரை தூக்கு, இரண்டு கையையும் மேலே நீட்டு. தொப்புள் தெரிந்தால் ஓர் அம்பு, தோள் பிடித்தால் ஓர் அம்பு. கடைசியாக ஒரு மக் தண்ணீரைத் தொடையில் ஊற்றி உட்கார வைத்துவிடுவார். காய்கிற வரை அரட்டை. மற்றவர்களின் மெல்லிய பேண்ட்டுகள் நாலு வீட்டுக் கதை முடிவதற்குள் காய்ந்துவிட்டன. என் ஜீன்ஸ் நாலு பிளாக் கதை முடிந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் கிழிந்து முன்பக்கம் நனைந்து கீழே இறங்கிவந்த கணவனைப் பார்த்து என் மனைவி, "உங்களை யாராவது அடிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள். குரலில் கவலையைவிட ஆவல்தான் அதிகம்.

கோடையில் ஒரு முறை நான் கையில்லாத பனியனோடு வந்ததற்கும் அம்பு விழுந்தது, இரண்டு தோளிலும். "வெயில்ல துணிய கம்மி பண்ணாத, துணிய லூசாக்கு" என்பது அக்கா கட்சி. வெளிர் நிறம், முழுக்கை, கழுத்தை மறைக்கிற தொப்பி. நான் கேட்கவில்லை. மறுநாள் மாலை என் தோள் உரிந்த அழகைப் பார்த்துவிட்டு, "வத்தல் போட்டா வாரத்துல காயும், நீ ஒரே நாள்ல காஞ்சிட்ட" என்றார்.

குளிர் காலத்துக்கு வேறு சட்டம். மார்கழியில் ஏலகிரிக்கு, என் மைத்துனன் டெல்லியிலிருந்து அனுப்பிய ஸ்வெட்டரோடு போனேன். ஸ்வெட்டர் என்பது மரியாதைக்கு. ஆட்டையே போர்த்தியது மாதிரி இருந்தது. பத்து நிமிட ஏற்றத்தில் உள்ளே குளம். மேலே போய் நின்றதும் காற்று அடிக்க, குளம் ஐஸ். பல் தந்தியடித்தது. அக்கா தன் மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார்; மேலே போனதும் அவிழ்த்து மாட்டிக்கொண்டார். "ஒரு தடிப்பு உதவாது நைனா. மூணு மெல்லிசு போடு. வேர்க்கறதுக்கு முன்ன ஒண்ணக் கழட்டு, நடுங்கறதுக்கு முன்ன ஒண்ண மாட்டு. அவ்ளோதான் வித்த." எனக்குத் தெரிந்து குளிரைப் பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் பேசியதில்லை, அதுவும் மார்கழியில்கூட மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊரில்.

அன்று ஒரு மலைக்காரப் பெண், ரப்பர் செருப்போடு, தலையில் சுமையோடு எங்களை விறுவிறுவென்று தாண்டிப் போனாள். என் குதர்க்கம் சும்மா இருக்குமா? "அவங்க செருப்புல போறாங்க, நமக்கு மட்டும் எதுக்குக்கா ஷூ, ரெண்டு சாக்ஸு?" என்றேன். "அது தெனம் இந்தக் கல்ல மெரிக்கிற காலு. உன்னுது டேபிளுக்கு அடியில ஏசில தூங்கற காலு. பொத்திகினு ஷூவ கட்டு." ஷூ வாங்குவதற்கும் அவரிடம் விதி உண்டு: சாயங்காலம்தான் வாங்க வேண்டும், கால் வீங்கியிருக்கும் நேரம். வாங்கியதை ஒரு வாரம் மார்க்கெட்டுக்குப் போட்டுப் போய்ப் பழக்காமல் மலைக்குக் கொண்டுவந்தால் வேனிலேயே உட்கார வைத்துவிடுவார்.

ஆனால் அக்காவின் பெரிய சண்டை துணியோடு இல்லை, துணியைப் பார்க்கிறவர்களோடு. மூன்றாவது மாடி பானு மலைக்கு வர ஆசைப்பட்டு, வராமலே ஒரு வருடம் ஓட்டினார். விசாரித்தால், டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு மாமியார் முன்னால் எப்படி வெளியே வருவது என்பதுதான் பிரச்சினை. வயது நாற்பத்தைந்து. அக்கா சிரித்தார்.

"நானே ஆரம்பத்துல மேல பொடவ கட்டிகினுதான் போனேன். ஊட்டாண்டயிருந்து பஸ் ஸ்டாண்டு வரிக்கும் குடும்பப் பொம்பள. அடிவாரத்துல பொடவைய உருவி மடிச்சி பையில வெச்சா, உள்ள பேண்ட்டு. மேல கீறது ஊருக்கு, உள்ள கீறது உனக்கு. பயம் தெளிஞ்சா மேல கீறது தானா கழண்டுக்கும்."

பானு அப்படித்தான் வந்தார். நாலாவது பயணத்தில் புடவை கழன்றது. ஆறாவது பயணத்தில் மாமியாரே வாசலில் நின்று, "தொப்பி எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டாராம்.

மழைக்கு வருகிறேன். அதுதான் என் கதை. ஆறு வருடத்துக்கு முன், ஜவ்வாது மலை, புரட்டாசி. மழைக்காலத்தில் அக்காவின் முதல் எதிரி காட்டன். "காட்டன் ஊட்டுக்கு நல்லது, கட்டிலுக்கு நல்லது. மலைக்கு ஆவாது. தண்ணிய குடிச்சிட்டு நவராம குந்திக்கும், எங்க ஊட்டுக்காரரு மாதிரி." அந்த ஊட்டுக்காரர் காலமாகிப் பல வருடம் ஆகியும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா அவரை மன்னிக்கவில்லை. நானோ, காட்டன்தான் உடம்புக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு, வீம்புக்குக் கனமான காட்டன் ஜிப்பாவில் போயிருந்தேன். பாதி வழியில் மழை பிடித்தது. ஜிப்பா முட்டி வரை நீண்டு, ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தது. உதடு நீலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். கை விரல் மடங்கவில்லை. சிரிப்புக் கதையெல்லாம் எழுதுகிறவன், அன்றைக்கு உண்மையாகவே பயந்தேன்.

அக்கா என்னை ஒரு பாறைக்கு அடியில் இழுத்து, ஜிப்பாவை உரிக்க வைத்து, தன் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வானநீல முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டார். கழுத்தில் லேபிள் கத்தரிக்கப்பட்டிருந்தது. பிடரியை உறுத்தும் என்று எல்லாச் சட்டையிலும் கத்தரிப்பார்.

"எக்ஸ்போர்ட் சரக்கு நைனா. எங்க கம்பெனியில மழைக்குன்னே தெச்சது. நனஞ்சாலும் பத்தே நிமிசத்துல காஞ்சிடும். நட."

நடந்தேன். மழையும் கூடவே நடந்தது. சட்டை நனைந்தது, நனைந்த வேகத்தில் காய்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பத்தாவது நிமிடம் என் நடுக்கம் நின்றது. அன்றிலிருந்து காட்டனுக்கு எதிரான முழுநேரப் பிரசாரகன் நான்தான். அந்தச் சட்டையைக் காட்டிக் காட்டி நம் குழுவில் எத்தனை பேரைச் சீக்கிரம் காயும் துணி வாங்க வைத்திருப்பேன், சொல்லுங்கள்.

புதன்கிழமைக்கு வந்துதான் ஆக வேண்டும். அக்காவின் அண்ணன் ஏழுமலை பாரிவாக்கத்திலிருந்து பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு வந்தார். அரக்கு நிறப் புடவை, விலை ஒட்டிய காகிதம்கூடக் கிழிக்கவில்லை. தீபா அறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "மாமா, அம்மா எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. சாம்பல் கலர் பேண்ட்டும் மஞ்சள் முழுக்கைச் சட்டையும்தான் போடணும்னு."

"இன்னாம்மா பேசுற? பொறந்த ஊட்டுக் கோடி எடுத்தாந்துகீறேன். எங்க அம்மா வயித்துல பொறந்தவ, கடைசியா பேண்ட் மாட்டிகினு போவாளா? ஊரு காறித் துப்பும்."

"அம்மா ஏறின ஒரு மலைக்காவது ஊரு கூட வந்துச்சா மாமா?"

"வாய் பேசாத. நான் கீற வரிக்கும் அது நடக்காது."

வாசல் முழுக்கக் கூட்டம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழுவில் பேச்சாளன் நான்தானே. தொண்டையைச் செருமினேன். ஒன்பது வருட நட்பையும் நெஞ்சில் திரட்டிக்கொண்டு நான் சொன்னது இதுதான்: "இன்னிக்குப் புழுக்கம் ரொம்ப ஜாஸ்தி இல்ல?"

பானுதான் உள்ளே வந்தார். ஏழுமலை கையிலிருந்த புடவையைப் பணிவாக வாங்கிக்கொண்டார். "அண்ணன் சொல்றதுதான் சரி. கோடிதான் கட்டணும். ஆம்பளைங்க கொஞ்சம் வெளிய இருங்க." கதவு சாத்தப்பட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாவது பயணத்தில் புடவையை உருவிய மனுஷி, அக்காவை இப்படிக் கைவிட்டுவிட்டாளே என்று. நான் கைவிட்டது அதற்குள் எனக்கு மறந்துவிட்டது.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. அரக்குப் புடவையில், கழுத்து வரை தலைப்பைப் போர்த்தி, மடிப்புக் கலையாமல் அக்கா. "பாரு, மகாலட்சுமியாட்டம் கீறா என் தங்கச்சி" என்று ஏழுமலை உடைந்து அழுதார். ஹாலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். யாரோ மின்விசிறியைக் கூட்டிவைத்தார்கள். கால்மாட்டில் மாலை வைக்கக் குனிந்தேன். காற்றில் புடவையின் ஓரம் தூக்கியது.

சாம்பல் நிற பேண்ட். அதன் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சாக்ஸ்.

நிமிர்ந்தேன். பானு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் இன்னொருவரும் குனிந்திருந்தார், ஏழுமலை. அவரும் பார்த்துவிட்டார். தீபா சுவரோரம் நிமிர்ந்து நின்றாள், சண்டைக்குத் தயாராக. ஏழுமலை கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தார். பிறகு புடவை ஓரத்தைக் கீழே இழுத்து, இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாதபடி செருகிவிட்டார்.

"எனுக்குத் தெரியாதா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பஸ் ஸ்டாண்டு வரிக்கும் இப்டிதான் போவும்."

இனி, குழுவுக்கு நான் இதை எழுதும் காரணம். சங்கச் செயலாளர் வியாழக்கிழமை லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். குடியிருப்போர் நலன் கருதி, மலை நடை மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்தப்படுகிறதாம். மொட்டை மாடியில் கூடக் கூடாதாம். தீபா எனக்கு அக்காவின் ஸ்டிக்கர் அட்டையைக் கொடுத்தாள். பதினொரு அம்புகள் மிச்சம் இருந்தன. இப்போது பத்து. அந்த அறிவிப்பில் எந்த வார்த்தைக்கு நேராக அம்பு ஒட்டியிருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டப்பகலில்தான் ஒட்டினேன். கேமராவில் என் வழுக்கை தெளிவாக விழுந்திருக்கிறதாம். விழட்டும். புதன்கிழமை வராத தைரியம் ஒரு நாள் தாமதமாக வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்புவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போகிறோம். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் சோதனை, பார்ப்பவர் பானு. மக்கில் தண்ணீர் இருக்கும். மழை வரும் என்கிறார்கள். மாற்று சாக்ஸைக் கவரில் சுற்றி எடுத்துவாருங்கள். குந்தி எழ முடியாத பேண்ட்டோடு யாரும் வராதீர்கள், முக்கியமாக நான். ஏழுமலை அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார், வேட்டியில். அவர் தொடையில் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைத் தீபா ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பத்து அம்புகளையும் அந்த வானநீலச் சட்டையையும்தான். ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் போடப்போகிறேன். அதற்காக இன்று காலை நானே துவைத்தேன். ஆறு வருடத்தில் முதல் முறை, எப்போதும் மனைவிதான். உள்பக்கம் திருப்பி உதறியபோது, இடுப்புக்குப் பக்கத்துத் தையலில் நகம் அளவுக்கு இன்னொரு லேபிள், அக்காவின் கத்தரிக்குத் தப்பியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

நூறு சதவீதம் காட்டன்.

ஏழு மணிக்குக் கொடியில் போட்டது. இதை எழுதி முடிக்கும்போது மணி பதினொன்று. இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.